கார் பெயின்ட் கீறல் எடுக்க எந்த பாலிஷ், எந்த பேட்?

பாலிஷ் பாட்டிலில் போட்டிருக்கும் கட் (எவ்வளவு வெட்டும்) எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். அந்த எண்ணுக்கு ஒரு பேடோடு (மெஷினில் மாட்டித் தேய்க்கும் வட்டத் திண்டு) சேர்ந்துதான் அர்த்தம் வரும். நடுத்தர பாலிஷ் ஒன்றை மென்மையான ஃபோம் பேடில் போட்டால் மெல்லிய மங்கலை எடுத்துப் பளபளப்பு ஏற்றும், அவ்வளவுதான். அதையே மைக்ரோஃபைபர் பேடில் போட்டுப் பாருங்கள், கழுவிக் கழுவி விழுந்த சுழல் கீறல்களில் பெரும்பகுதி போய்விடும். பாட்டிலும் மெஷினும் அதேதான். ஆகவே கீழே பாட்டில்களையும் பேட்களையும் தனித்தனியாக எடை போட்டாலும், தீர்ப்பு ஜோடியாகத்தான் இருக்கும். முதலில் வாங்க வேண்டியது ஒரு நல்ல நடுத்தர பாலிஷும் தாராளமாகப் பேட்களும். கனமான காம்பவுண்டு, அதாவது அதிகம் வெட்டும் பாலிஷ், பிறகு, தேவை வந்தால்.

கம்பெனி பெயின்ட்டில் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் இ-கோட், பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், அதற்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட். மொத்தத் தடிமன் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். அதில் நாம் கை வைக்கும் கிளியர் கோட் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான்தான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. காம்பவுண்டும் கட்டிங் பேடும் சேர்ந்து ஒரு முழுச் சுற்றில் இரண்டு முதல் நான்கு மைக்ரான் வரை எடுத்துவிடும். கடைசி பாலிஷ் ஒரு மைக்ரானுக்கும் கீழே எடுக்கும். கிளியர் கோட் மெலிய மெலிய வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் திறனும் குறைகிறது. "இன்னொரு ரவுண்டு போட்டால் போய்விடும்" என்று வருடாவருடம் காம்பவுண்டு அடித்த கூரைகளும் பானெட்டுகளும்தான் பிறகு செதில் செதிலாக உரிகின்றன.

தடிமன் மானி வைத்திருப்பது நல்லது, ஆனால் அது காட்டுவது மொத்தத் தடிமனை. கிளியர் கோட் மட்டும் எவ்வளவு மீதி என்று சாதாரண மானி சொல்லாது. ஒரே காரில் மற்ற பாகங்கள் 120 காட்ட, ஒரு கதவு மட்டும் 85 காட்டினால் அங்கே யாரோ முன்பே தேய்த்திருக்கலாம், லேசான பாலிஷோடு நிறுத்துங்கள். 200-ஐத் தாண்டினால் மறுபடி பெயின்ட் அடித்த பாகம். 500-க்கு மேல் போனால் கீழே புட்டி இருக்கிறது. சாதாரண மானி இரும்பிலும் அலுமினியத்திலும்தான் அளக்கும். பிளாஸ்டிக் பம்பரில் அளக்க அல்ட்ராசோனிக் மானி வேண்டும். அது இல்லாதவர்கள் பம்பரை மெல்லிய இடமாகவே வைத்துக்கொண்டு வேலை செய்யலாம்.

கீறலைப் பார்த்தவுடன் கேட்க வேண்டியது, நகம் மாட்டுகிறதா? நகத்தைக் குறுக்கே மெதுவாக ஓட்டும்போது தட்டினால் அது பாலிஷ் வேலைக்கு அப்பாற்பட்டது. அதன் ஓரங்களை மழுங்கச் செய்து கண்ணுக்குக் குறைவாகத் தெரிய வைக்கலாம், முழுக்க எடுக்கப் போனால் கிளியர் கோட் மிஞ்சாது. நகம் மாட்டாத சுழல் கீறல்களும், தவறான ரோட்டரி (ஒரே அச்சில் சுழலும் மெஷின்) வேலை விட்டுப்போன ஹோலோகிராம்களும் (வெயிலில் நெளிந்து தெரியும் கோடுகள்), வெயிலில் வெளுத்த மேற்பரப்பும் பாலிஷுக்கு வரும். நீர்க்கறையில் இரண்டு வகை. மேலே படிந்த சுண்ணாம்புப் படிவத்தை அமிலத் தன்மையுள்ள வாட்டர் ஸ்பாட் ரிமூவர் கரைத்துவிடும், பாலிஷ் தேவையில்லை. உள்ளே அரித்துக் குழி விட்டதுதான் வெட்டி எடுக்க வேண்டியது. பறவை எச்சம் அரித்த இடமும் அப்படித்தான். அதில் குழி பெரும்பாலும் சுழல் கீறலைவிட ஆழம், விளிம்பு போனால் போதும் என்று விட்டுவிடுவது நல்லது.

பாட்டில்கள்

எண்கள் ஏன் குழப்புகின்றன என்பதை முதலில் பார்த்துவிடலாம். மென்செர்னாவில் எண் ஏற ஏற பாலிஷ் நுண்மையாகிறது: 400 கடுமையான காம்பவுண்டு, 2500 நடுத்தரம், 3800 கடைசிப் பளபளப்பு. கோக் கெமியில் தலைகீழ். எச்9, எஃப்6, எம்3 என்ற பெயர்களில் எண் பெரிதானால் கட் அதிகம், புள்ளிக்குப் பின்னால் வரும் 01, 02 வெறும் பதிப்பு எண். சோனாக்ஸில் இரண்டு எண்: முதலாவது கட், இரண்டாவது பளபளப்பு, 04-06 என்பது போல. மெக்வயர்ஸின் எம்105, எம்205 எண்களில் எந்த அளவும் ஒளிந்திருக்கவில்லை. ஒரு கம்பெனியின் எண்ணை வைத்து இன்னொன்றை எடை போட முடியாது.

மெக்வயர்ஸ் எம்105 வேகமாக வெட்டும் காம்பவுண்டு. அதன் துகள்கள் தேயத் தேய உடைந்து சிறுக்கும் வகையல்ல. முதல் தேய்ப்பிலிருந்து கடைசி வரை ஒரே அளவில் வெட்டும், போதும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். விலையாகக் கொடுக்க வேண்டியது தூசியும் சீக்கிரம் காய்வதும். சூடான நாளில் இரண்டாவது தேய்ப்பிலேயே மாவு மாதிரி உதிரும், கண்ணாடி இடுக்கெல்லாம் வெள்ளை. இடத்தை 40 செ.மீ. சதுரத்துக்குச் சுருக்கி, பாலிஷ் மருந்தைக் குறைத்து, பேடில் ஒரே ஒரு தெளிப்புத் தண்ணீர் விட்டால் சமாளிக்கலாம். தொடக்கநிலையில் இருப்பவருக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது. அதே நிறுவனத்தின் டி300 மைக்ரோஃபைபர் பேடுக்கென்றே வந்தது, கையாள இதைவிட எளிது, ஃபோம் பேடிலும் நன்றாகவே ஓடும்.

எம்205 முற்றிலும் வேறு குணம். நீண்ட நேரம் ஈரமாக ஓடும், தூசி குறைவு. மைக்ரோஃபைபர் பேடில் நடுத்தர வேலையும் மென்மையான ஃபோமில் கடைசி வேலையும் செய்யும். மென்மையான கறுப்புப் பெயின்ட்டில் இதைவிட நம்பகமான பாட்டில் அதிகமில்லை. குறை, அதன் எண்ணெய். துடைத்த பிறகும் எண்ணெய் மெல்லிய கீறல்களில் தங்கி அவை போய்விட்டதாகக் காட்டும். எண்ணெயைக் கழற்றிப் பார்க்காமல் அடுத்த பாகத்துக்குப் போனால், நாலு முறை கழுவிய பிறகு பழைய கீறல்கள் தலைகாட்டும்.

கோக் கெமி எச்9.02 வெட்டும் வலிமையில் எம்105-க்குப் பக்கத்தில் நிற்கிறது, தூசியோ கணிசமாகக் குறைவு, துடைக்கவும் எளிது. கனமான காம்பவுண்டு ஒன்று வாங்கியே ஆக வேண்டுமென்றால் இது. ஆனால் அதிகம் பயன்படப்போவது எஃப்6.01. நடுத்தரக் கடினமுள்ள பெயின்ட்டில் ஒரே சுற்றில் சுழல் கீறலை எடுத்து, கண்ணை உறுத்தாத முடிவையும் தரும். வெளிர் நிறக் கார்களில் இதற்குப் பிறகு வேறு பாலிஷ் தேவைப்படுவதில்லை. அடர் நிறங்களில் எம்3.02 ஒரு சுற்று சேர்த்துக்கொள்ளலாம்.

மென்செர்னா 400-ன் பலம் முடிவின் தரம். இவ்வளவு வெட்டும் காம்பவுண்டு இவ்வளவு தெளிவான மேற்பரப்பை விட்டுப்போவது அரிது. ஆனால் அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது. மருந்து ஒளி ஊடுருவும் மெல்லிய படலமாகும் வரை தேய்க்க வேண்டும், பாதியில் நிறுத்தினால் மங்கல் விட்டுப்போகும். 2500-உம் அப்படித்தான். 3800 ரோட்டரியின் ஹோலோகிராமை எடுக்கக் கைகண்டது. கனமான சுழல் கீறலில் அதைப் போட்டு ஒன்றும் ஆகவில்லை என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

3எம் பெர்ஃபெக்ட்-இட் வரிசை பெயின்ட் பூத் உள்ள பணிமனைகளை மனதில் வைத்துச் செய்தது. பச்சை மூடி காம்பவுண்டு, மஞ்சள் மூடி நடுத்தரம், நீல மூடி அல்ட்ராஃபைனா. பேட்களும் அதே நிறத்தில். சாண்ட்பேப்பர் போட்ட புதுப் பெயின்ட்டில் ரோட்டரியோடு ஓட்டினால் வேகத்தில் மிஞ்ச ஆளில்லை. சின்ன டூயல் ஆக்‌ஷன் மெஷின் (சுழன்றபடியே ஆடவும் செய்வது) மட்டும் வைத்திருப்பவருக்கு இதன் முழுப் பலன் கிடைக்காது. சோனாக்ஸ் பெர்ஃபெக்ட் ஃபினிஷ் 04-06 எஃப்6.01-க்கு மாற்று, வெட்டில் அரைப்படி கீழே, முடிவில் அரைப்படி மேலே.

பாலிஷும் பாதுகாப்புப் பூச்சும் ஒரே பாட்டிலில் வருவதும் உண்டு, ரூபெஸ் யூனோ புரொடெக்ட் போல. அன்றாடம் ஓடும் காருக்கு ஒரே நாளில் வேலை முடிய வேண்டுமென்றால் தாராளமாகப் போடலாம். செராமிக் கோட்டிங் அடிக்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். அது விட்டுப்போகும் படலத்தின் மேல் கோட்டிங் பிடிக்காது.

பேட்கள்

நிறத்தை நம்பி பேட் வாங்கக் கூடாது. ரூபெஸில் நீலம் மிகக் கடுமையானது, 3எம்-இல் நீலம் மிக மென்மையானது. ரூபெஸ் மஞ்சள் மென்மைப் பக்கம், லேக் கன்ட்ரியின் பழைய சிசிஎஸ் வரிசையில் மஞ்சள் கடுமையான கட்டிங் பேட். போதாக்குறைக்கு லேக் கன்ட்ரிக்குள்ளேயே முரண்: சிசிஎஸ் நீலம் மிருதுவான ஃபினிஷிங் பேட், எச்டிஓ நீலம் கனமான கட்டிங் பேட். யாராவது "ஆரஞ்சு பேட் போடு" என்று சொன்னால், எந்தக் கம்பெனி ஆரஞ்சு, எந்த வரிசை என்று கேட்காமல் மெஷினை எடுக்க வேண்டாம்.

பொருளில் மூன்று வகை. கம்பளி பேட் அதிகம் வெட்டும், சூடு குறைவாக ஏறும், இழைகளுக்கு நடுவே காற்று ஓடுவதால். ரோட்டரியில் ஹோலோகிராம் விடுவது இதன் சுபாவம், பின்னால் ஃபோம் சுற்று கட்டாயம். நீள ஆர்பிட் (பேட் ஆடும் வட்டத்தின் விட்டம்) மெஷினுக்கென வரும் குட்டை இழைக் கம்பளி பேட்கள் இந்தக் குறையை வெகுவாகக் குறைத்திருக்கின்றன. கடினப் பெயின்ட்டுக்கு மைக்ரோஃபைபருக்கு முன்னால் இதை முயற்சி செய்யலாம்.

மைக்ரோஃபைபர் பேடில் ஒவ்வொரு இழையும் துகளைப் பிடித்துக்கொண்டு தேய்ப்பதால் டூயல் ஆக்‌ஷன் மெஷினிலேயே பலமாக வெட்டும். கடினமான கிளியர் கோட்டில் அருமை. மென்மையானதில் இழைகளே நுண்கோடுகள் போட்டு, கண்ணாடி மேல் மூச்சு விட்டதுபோல் மங்கல் படர்த்தும். சீக்கிரம் மருந்தை உறிஞ்சிக் கட்டிப்படும் என்பது இன்னொரு தொல்லை. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் காற்றடித்தோ பிரஷ் போட்டோ இழைகளை நிமிர்த்தாவிட்டால், நாலாவது பகுதியில் நீங்கள் தேய்ப்பது காய்ந்த கட்டியைக் கொண்டு.

ஃபோம்தான் பலருக்கும் முக்கால்வாசி வேலைக்கு ஏற்றது. கையால் அழுத்தினால் உடனே எதிர்த்து நிற்கும் கெட்டி ஃபோம் வெட்டும், விரல் புதையும் மெத்து ஃபோம் மெருகேற்றும். நிறத்தைவிட இந்த அழுத்திப் பார்க்கும் சோதனை நம்பத்தக்கது. தடிமனும் கவனிக்க வேண்டியது. 15 அல்லது 21 மி.மீ. ஆர்பிட் மெஷினில் தடித்த மெத்தான பேட் போட்டால், மெஷினின் அசைவை ஃபோமே விழுங்கிவிடும், பெயின்ட்டுக்கு வந்து சேர்வது பாதி. 20 முதல் 25 மி.மீ. தடிமன் போதும். நடுவில் துளை இருந்தால் சூடு வெளியேறும், நடுப்பகுதி பிய்ந்து போகும் வாய்ப்பும் குறையும்.

டெனிம் பேட் என்று ஒன்று உண்டு, ஆரஞ்சுத் தோல் போன்ற மேடுபள்ளத்தைச் சமன்செய்ய. கம்பெனி பெயின்ட்டில் இதைத் தொடவே வேண்டாம்.

பேக்கிங் பிளேட்டின் (மெஷினில் பேட் ஒட்டும் தட்டு) அளவைவிடப் பேட் சற்று பெரிதாக இருக்க வேண்டும்: 125 மி.மீ. பிளேட்டுக்கு 140 முதல் 150 மி.மீ. பேட். ஒரே அளவில் இருந்தால் வளைவில் பிளேட்டின் விளிம்பு பெயின்ட்டில் இடிக்கும், அந்தக் காயத்தை எந்த பாலிஷும் எடுக்காது. கண்ணாடிக் கவசம், கதவுக் கைப்பிடிக் குழி, தூண்கள் இவற்றுக்கு 75 மி.மீ. பேட் தனியாக வேண்டும்.

எத்தனை வாங்குவது? ஒரு செடானுக்குக் கட்டிங் ஃபோம் ஐந்து அல்லது ஆறு, மைக்ரோஃபைபர் என்றால் எட்டு, ஃபினிஷிங் மூன்று அல்லது நான்கு. இரண்டு பேடில் முழுக் காரையும் முடிப்பது முடியாத காரியமல்ல. ஆனால் ஈரமும் சூடும் ஏறிய பேட் மெத்தாகிவிடும், வெட்டுவது நின்றுபோகும், அப்போது குற்றம் பாலிஷ் மேல் விழும். கட் போதவில்லை என்று கனமான காம்பவுண்டு வாங்கப் போகிறவர்களில் பலருக்கு வேண்டியது ஒரு காய்ந்த, சுத்தமான பேட் மட்டுமே.

மெஷின் பற்றிக் கொஞ்சம்

8 மி.மீ. ஆர்பிட் கொண்ட சாதாரண டூயல் ஆக்‌ஷன் பாதுகாப்பானது, வளைவில் அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திவிடும். 15 மி.மீ. மெஷின், ரூபெஸ் எல்எச்ஆர்15 வகை, பெரும்பாலானவர்களுக்குச் சரியான இடம். 21 மி.மீ. பானெட், கூரை போன்ற அகலமான பாகங்களில் வேகம், இடுக்குகளில் தடுமாற்றம். ஃப்ளெக்ஸ் எக்ஸ்சி 3401 போன்ற கட்டாயச் சுழற்சி மெஷின் அழுத்தினாலும் நிற்காது, சூட்டைக் கவனிப்பது உங்கள் பொறுப்பு. ரோட்டரி பழகியவர் கையில் மட்டும்.

சோதனைச் சதுரம்

ஜோடியைத் தேர்ந்தெடுக்க வேறு வழியில்லை, காரிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். கழுவி, இரும்புத் துகள் கரைப்பான், தார் கரைப்பான் போட்டு, ஒட்டிய துகள்களை எடுக்கும் கிளே பார் (களிமண் போன்ற கட்டி) ஓட்டி, உலர்த்திய பிறகு, பானெட்டில் 50 செ.மீ. சதுரம் ஒன்றை டேப் ஒட்டிப் பிரியுங்கள். கிளே போட்ட பிறகு கையுறை அணிந்த விரலால் தடவினால் சொரசொரப்பு இருக்கக் கூடாது. அங்கே ஒரு துகள் மீதி இருந்தால் பேடில் ஏறிக்கொண்டு சுருள் சுருளாகக் கோடு போடும்.

நடுத்தர பாலிஷும் நடுத்தர ஃபோமும் முதல் முயற்சி. புதுப் பேட் என்றால் முகம் முழுக்க மெல்லியதாக மருந்து பூசி, பிறகு கூடுதலாக நான்கு பட்டாணி அளவுச் சொட்டுகள். அடுத்த பகுதிகளுக்கு மூன்று சொட்டு போதும். மெஷினை அணைத்த நிலையிலேயே பேடால் சதுரத்தில் மருந்தைத் தொட்டுத் தொட்டுப் பரப்பிவிட்டு, வேகம் 1 அல்லது 2-இல் ஒரு தரம் இழுத்து, 4 முதல் 5-க்கு ஏற்றுங்கள். நெடுக்காக ஒரு முறை, குறுக்காக ஒரு முறை, இப்படி மொத்தம் நான்கு. ஒவ்வொரு வரிசையும் முந்தையதில் பாதியை மூடவேண்டும். கை நகரும் வேகம் நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர். அவசரமாக அலைத்தால் நான்கு முறை ஓட்டியும் ஒரு முறைக்குண்டான வேலை நடக்காது. பிளேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் பேட் சுற்றுகிறதா, வெறுமனே அதிர்கிறதா என்பது தெரியும். அழுத்தம் மெஷினின் எடையும் அதற்கு மேல் கொஞ்சமும். கோடு சுற்றுவது நின்றால் அழுத்தம் கூடிவிட்டது.

துடைத்த பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் 15 முதல் 20 சதவீதம் கலந்து தெளித்து, சுத்தமான துணியால் எண்ணெயை எடுங்கள். இதற்கென்றே கார்ப்ரோ இரேசர், கையான் பிரெப் போன்றவை கிடைக்கின்றன, உயவுத் தன்மை உள்ளவை, மென்மையான பெயின்ட்டில் அவை மேல். ஆல்கஹாலைச் சுத்தமாக அப்படியே ஊற்ற வேண்டாம். பிறகு விளக்கு. அறையின் குழல் விளக்கில் சுழல் கீறல் தெரியாது. ஒரே புள்ளியிலிருந்து வரும் எல்இடி விளக்கு வேண்டும், கோணம் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். முடிந்தால் காரை நேர் வெயிலிலும் ஒரு தரம் பாருங்கள். ஹோலோகிராம் அங்கேதான் மாட்டும்.

கீறல் மீதி இருந்தால் பேடை மட்டும் மாற்றுங்கள், பாலிஷ் அப்படியே இருக்கட்டும். கெட்டி ஃபோம், அதற்கும் போகாவிட்டால் மைக்ரோஃபைபர் அல்லது குட்டைக் கம்பளி. பேடில் ஏறிய பிறகும் போதாவிட்டால்தான் காம்பவுண்டு. கீறல் போய் மங்கல் நின்றால் எதிர்த்திசை: மெத்து ஃபோமும் நுண் பாலிஷும். பாலிஷ், பேட், வேகம் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போகும்.

பெயின்ட்டின் கடினத்தைக் காரின் பிராண்டை வைத்துச் சொல்லும் பழக்கம் பரவலாக உள்ளது: ஜெர்மன் கார் கடினம், ஜப்பான் கார் மென்மை. ஓரளவுக்கு உண்மை. மெர்சிடிஸ் 2003-இலிருந்து போட்ட நானோ துகள் கிளியர் கோட் நிஜமாகவே கடினம். டொயோட்டாவின் 202 கறுப்போ துடைக்கும் துணிக்கே கோடு விழும் அளவு மென்மை. ஆனால் அதே ஜெர்மன் காரில் மறுபடி பெயின்ட் அடித்த கதவு வேறு மாதிரி நடந்துகொள்ளும். வேறுபட்ட தடிமன் காட்டும் ஒவ்வொரு பாகத்துக்கும் தனிச் சோதனைச் சதுரம் தேவை.

கடினமானதற்கு எச்9.02 அல்லது மென்செர்னா 400, மைக்ரோஃபைபர் பேடில். பிறகு எஃப்6.01 நடுத்தர ஃபோமில். பல நேரம் இதோடு முடிந்துவிடும், கடினப் பெயின்ட் மங்கலையும் எளிதில் ஏற்காது. நடுத்தரத்துக்கு எஃப்6.01 அல்லது மென்செர்னா 2500, நடுத்தர ஃபோமில், கறுப்பாக இருந்தால் எம்3.02 அல்லது 3800 மெத்து ஃபோமில். மென்மையானதற்கு எம்205 ஒன்றே போதும்: முதலில் நடுத்தர ஃபோம், பிறகு மிக மெத்தான பேடில் வேகம் 3, அழுத்தமே இல்லாமல். மென்மையானதில் கடைசிச் சுற்றுதான் கடினம். கீறல் பத்து நிமிடத்தில் போகும், மங்கல் ஒரு மணி நேரம் எடுக்கும். துடைக்கும் துணியை இழுக்காமல் மடித்து வைத்து எடுப்பதுகூட இங்கே வேலையின் ஒரு பகுதி.

எங்கே கெடுகிறது

தூசி பறந்தால் மருந்து அதிகம் அல்லது பேட் காய்ந்திருக்கிறது. இரண்டும் எதிரெதிர்க் காரணங்கள், பேடைத் தொட்டுப் பார்த்தால் எது என்று தெரியும். துடைக்கும்போது பிசினாக ஒட்டினால் மேற்பரப்பு சூடாக இருக்கிறது, ஆறவிட்டு, அதே பாலிஷ் ஒரு சொட்டை ஈரத்துணியில் தொட்டுத் துடைத்தால் இளகும். பேட் துள்ளினால் மெஷினைச் சாய்த்துப் பிடித்திருக்கிறீர்கள், அல்லது மருந்து ஒரே பக்கம் சேர்ந்திருக்கிறது.

வெளிர் நிறப் பேடில் காரின் நிறம் ஏறினால் பயப்படுமுன் யோசியுங்கள். பழைய சிங்கிள் ஸ்டேஜ் பெயின்ட்டில் கிளியர் கோட்டே கிடையாது, நிறம் வருவது இயல்பு. கிளியர் கோட் உள்ள காரில் நிறம் வந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும், ஓட்டை விழுந்தாயிற்று. இது நடப்பது பெரும்பாலும் விளிம்புகளில், பானெட்டின் மடிப்புக் கோட்டில், கதவு ஓரத்தில். பெயின்ட் அங்கேதான் மெல்லியது, பேடின் அழுத்தம் முழுக்க அந்த ஒரு கோட்டில் இறங்கும். மடிப்புக் கோடுகளின் மேல் 6 மி.மீ. டேப் ஒட்டி, கடைசி நுண் சுற்றின்போது மட்டும் எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டினால் போதும். பம்பரில் பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாததால் வெப்பம் ஒரே இடத்தில் தேங்கும். அகச்சிவப்பு வெப்பமானியில் 50 டிகிரியைத் தொட்டாலே அடுத்த இடத்துக்கு நகருங்கள்.

ரப்பர், வழவழப்பில்லாத கறுப்பு பிளாஸ்டிக் எல்லாவற்றையும் டேப் போட்டு மூட வேண்டும், ஒரு சொட்டு காம்பவுண்டு காய்ந்தால் வெள்ளைக் கறை எளிதில் போகாது. பெயின்ட் பூத்திலிருந்து புதிதாக வந்த பாகத்துக்குச் சில வாரம் அவகாசம் கொடுங்கள், உள்ளே கரைப்பான் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கும், இன்று எடுத்த கோடு நாளை திரும்ப வரும்.

வேலை முடிந்ததும் பேடை இளஞ்சூட்டுத் தண்ணீரில் பேட் கிளீனரோ மிதமான டிகிரீசரோ போட்டு அழுத்தி அழுத்திக் கழுவுங்கள். முறுக்கிப் பிழிந்தால் வெல்க்ரோ பின்பக்கப் பசை விட்டுப்போகும். வாஷிங் மெஷினின் சூடான சுற்றும் அதே கதைதான். வெல்க்ரோ பக்கம் மேலே பார்க்க, முகம் கீழே இருக்க, கம்பி வலையின் மேல் நிழலில் காயவைத்தால் தண்ணீர் பசையில் தேங்காமல் ஃபோம் வழியே வடியும். நன்கு காய்ந்தபின் கட்டிங் பேட்களை ஒரு டப்பாவிலும் ஃபினிஷிங் பேட்களை வேறு டப்பாவிலும் மூடி வையுங்கள். கனமான காம்பவுண்டு ஒருமுறை ஏறிய பேடை எவ்வளவு கழுவினாலும் ஃபினிஷிங் வேலைக்குத் திருப்ப வேண்டாம்.